இரண்டு மரக்கால்

தமிழ் வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டைப் புரட்டினால் முழம், சாண், படி, மரக்கால், கலம், குடம் எல்லாம் வரும். நோவாவின் பேழை 300 முழம். சமாரியா பட்டணத்து வாசலில் மாவு மரக்கால் கணக்கில் விற்கும். ஏதோ அருப்புக்கோட்டைச் சந்தைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். நடுநடுவே சேக்கல், தாலந்து, எப்பா, ஓமர் என்று நம் வாய்க்குப் பழகாத பெயர்களும் வரும். படிப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த நூலில் அளவு பேசப்படுகிற இடங்கள் பலவற்றில், ஏழையின் வயிறும் சேர்த்துப் பேசப்படுகிறது.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். உத்தியோகம் பார்த்தது தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகங்களில், நிலப் பதிவேடுகளோடு. ஓய்வுக்குப் பிறகு திருச்சுழி. மீட்டரைப் பெற்றெடுத்த மொழியில் பள்ளிக்கூடம், ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் கலந்த உத்தியோகம், மரக்காலை இன்னும் மறக்காத ஊரில் முதுமை. அளவுகள் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்ததற்கு இதுவே காரணம்.

முதலில் நீளம். எபிரேயருடைய அடிப்படை அளவு 'அம்மா'. முன்கை என்று பொருள். முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை. பிரெஞ்சில் முழங்கைக்குக் 'கூத்' என்று பெயர், அதிலிருந்து வந்த அளவு 'கூதே'. தமிழில் முழங்கை, முழம். மூன்று மொழிக்காரர்களும் கையை நீட்டித்தான் அளந்திருக்கிறார்கள். உட்பிரிவும் நம்முடையதேதான். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். எபிரேயக் கணக்கிலும் 24 விரல் ஒரு முழம், அதில் பாதி சாண். அவர்கள் இடையில் உள்ளங்கை அகலம் என்று 4 விரலில் ஓர் அளவு வைத்திருந்தார்கள். ஆறு உள்ளங்கை ஒரு முழம்.

அந்த முழம் இன்றைய கணக்கில் எவ்வளவு? எருசலேமில் எசேக்கியா அரசன் காலத்தில் பாறையைக் குடைந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த ஒரு சுரங்கம் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அதற்குள் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தண்ணீர் ஓடிய தூரம் 1,200 முழம் என்று அதில் வெட்டியிருக்கிறது. சுரங்கத்தை அளந்தால் ஏறக்குறைய 533 மீட்டர். வகுத்துப் பாருங்கள், முழத்துக்கு 44 சென்டிமீட்டர் சொச்சம் வரும். 1,200 என்பது முழு எண்ணாகச் சொன்னதாக இருக்கலாம், ஆனாலும் கணக்கு அதிகம் விலகாது. நம் எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர். முழத்துக்கு 45 சென்டிமீட்டர். அருப்புக்கோட்டைத் தறிக்காரரும் எசேக்கியாவின் கல்தச்சரும் ஒரே கையால் அளந்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம். நோவாவின் பேழை சுமார் 135 மீட்டர் நீளம் என்று இனி நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் யாருடைய கை என்ற கேள்வி உண்டு. பூக்காரி முழத்தைப் பற்றி நம் ஊர்ப் பெண்கள் சண்டை போடுவது தெரிந்ததே. எபிரேயருக்கும் இது தெரியும். ஓகு என்ற அரசனின் கட்டில் 9 முழ நீளம், 4 முழ அகலம் என்று சொல்லும் உபாகமம், அது சாதாரண மனிதன் கை முழம் என்று கூடவே குறித்துவைக்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி காணும் ஆலயத்தின் அளவுகோலோ வேறு. அதில் ஒவ்வொரு முழமும் ஒரு முழத்தோடு ஓர் உள்ளங்கை சேர்ந்தது, அதாவது ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். ஆக, ஒரே பெயரில் இரண்டு முழம் புழங்கியிருக்கிறது.

கோலியாத்தின் உயரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் கையிலுள்ள பதிப்பில் அவன் 6 முழமும் ஒரு சாணும், அதாவது ஒன்பதரை அடி. சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய சாமுவேல் சுவடியிலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அவன் 4 முழமும் ஒரு சாணும்தான். ஆறே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிப்பட்ட ஆளை நாம் கைப்பந்தாட்ட மைதானத்தில் பார்த்திருக்கிறோம். அவன் போட்டிருந்த வெண்கலக் கவசம் 5,000 சேக்கல், அதாவது சுமார் 57 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டை மாட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தானிய அளவு. எபிரேயருக்கு நடு அளவு எப்பா. சுமார் 22 லிட்டர். பத்து எப்பா ஒரு ஓமேர். எப்பாவில் மூன்றில் ஒன்று சேயா, பத்தில் ஒன்று ஓமர், பதினெட்டில் ஒன்று காப். எண்ணெய், திராட்சரசத்துக்கு எப்பாவுக்குச் சமமான அளவு 'பாத்'. ஓமேரும் ஓமரும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைப் போல நூறு மடங்கு.

இவற்றைத் தமிழில் என்ன செய்வது? 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தது 1715இல். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்தபோது, 1719இல் காலமானார். பிறகு சூல்சே அதை முடித்தார். அதன் பின் பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த பழைய ஏற்பாடு 1796இல் வெளிவந்தது. 1871இல் போவர் குழுவின் திருத்தம். இவர்கள் கையாண்ட வழி நடைமுறையானது. சேக்கல், தாலந்து, ஓமர் போன்றவற்றை அப்படியே விட்டார்கள். மற்ற பல இடங்களில் மக்கள் வீட்டில் இருந்த பாத்திரத்தின் பெயரைப் போட்டார்கள். பாத்தைக் குடம் என்றார்கள், ஓமேரைக் கலம் என்றார்கள். சுவிசேஷத்தில் விளக்கை எதன் கீழும் மூடிவைக்க மாட்டார்கள் என்று வருகிறதே, அங்கே மரக்கால். பிரெஞ்சில் அதே இடத்தில் 'புவாசோ' என்ற பழைய தானிய அளவு. உண்மையை மறைப்பதைப் 'புவாசோவின் கீழ் வைப்பது' என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சின்ன வயதில் அந்தச் சொல்லைப் படித்த எனக்கு, தமிழில் மரக்காலைப் பார்த்தபோதுதான் அது என்ன பாத்திரம் என்று கண்ணில் தெரிந்தது.

இந்த வழியில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பஞ்சத்தில் தவித்த சமாரியாவில் சேயாவுக்கு மரக்கால் என்று போட்டார்கள். ஆமோஸ் புத்தகத்திலும் ரூத் கதையிலும் எப்பாவுக்கும் அதே மரக்கால். ஒன்று மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் தமிழ்ச் சொல் ஒன்றே. ஆபிரகாம் வீட்டுக்கு மூன்று பேர் விருந்தாளிகளாக வந்தபோது சாராள் பிசைந்த மாவு மூன்று சேயா. தமிழில் மூன்று படி. படி ஊருக்கு ஊர் மாறும், பெரிய படி என்றாலும் ஒன்றரை லிட்டர் சொச்சம்தான். மூன்று படிக்கு ஐந்து லிட்டர் வரும். மூலத்தில் இருப்பதோ 22 லிட்டர் மாவு. முன்பின் தெரியாத மூன்று பேருக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகிற மாவைப் பிசையச் சொன்னார் அந்தக் கிழவர். அந்த உபசாரத்தின் அளவு தமிழில் சுருங்கிவிட்டது. ரூத் கதிர் பொறுக்கிய கதையில் அப்படியில்லை. ஒரு நாள் முழுக்கப் பொறுக்கித் தட்டி எடுத்தது ஒரு எப்பா வாற்கோதுமை. சிந்தின கதிரைப் பொறுக்கி ஒரு மரக்கால் சேர்ப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று நம் கரிசல் காட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலத்துக்காரர் வேண்டுமென்றே கதிரைச் சிந்த விடச் சொன்னார் என்பதும் அந்த அளவிலேயே தெரிந்துவிடும்.

சமாரியாவின் பஞ்சத்தையும் கணக்காகப் பாருங்கள். முற்றுகைக்குள் கால் காப் அளவுள்ள ஏதோ ஒன்று, தமிழில் காற்படி பயறு, ஐந்து சேக்கல் வெள்ளிக்கு விற்றது. மறுநாள் ஒரு சேயா மாவு ஒரு சேக்கலுக்கு விற்கும் என்று எலிசா தீர்க்கதரிசி சொல்கிறார். ஒரு சேயாவில் 24 கால் காப். சேக்கலுக்குச் சேக்கல் பார்த்தால் கிடைக்கிற அளவு 120 மடங்கு. அந்த அதிகாரி ஏன் நம்பவில்லை என்பது அளவு தெரிந்தால்தான் புரியும்.

மூன்றாவது எடை. எபிரேயத்தில் எடைக்குப் பெயரே கல். நாமும் எடைக்கல், படிக்கல் என்கிறோம். சேக்கல் என்பது முதலில் காசு அல்ல, எடை. ஆபிரகாம் மனைவியை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது 400 சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுக்கவில்லை, நிறுத்துக் கொடுத்தார். யூதேயா மண்ணில் தோண்டியெடுத்த சுண்ணாம்புக்கல் எடைகளைச் சோதித்ததில் சேக்கல் 11.3 கிராம் அளவில் நிற்கிறது. நம் கணக்கில் ஒரு பவுனுக்கு மேல், ஒன்றரைப் பவுனுக்குள்.

தாலந்துக்கு எத்தனை சேக்கல்? குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பிடித்த இடம் இது. யாத்திராகமத்தில் எங்கும் வாய்பாடாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரவுக் கணக்கு இருக்கிறது. 6,03,550 ஆண்கள், தலைக்கு அரை சேக்கல். மொத்தம் 3,01,775 சேக்கல். வரவு எழுதியிருப்பது 100 தாலந்தும் 1,775 சேக்கலும். சில்லறையைக் கழித்தால் 100 தாலந்துக்கு 3,00,000. ஆகவே தாலந்துக்கு 3,000 சேக்கல், சுமார் 34 கிலோ. ஒரு சேக்கல்கூடப் பிசகாமல் கணக்கு நேராகிறது. அந்த வரியில் பணக்காரன் அரை சேக்கலுக்கு மேல் கொடுக்கவும் கூடாது, ஏழை குறைக்கவும் கூடாது என்று விதி. கல் ஒன்று, தலை ஒன்று.

ஒரு சின்னக் கல் ஒரு வசனத்தையே திறந்த கதையும் உண்டு. 1 சாமுவேல் புத்தகத்தில், இஸ்ரவேல் தேசத்தில் கொல்லன் இல்லாதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள் என்று வரும். கொழு, மண்வெட்டி தீட்டவும் குடியானவன் எதிரியிடம்தான் போக வேண்டும். அந்த இடத்தில் 'பிம்' என்று ஒரு சொல். வேதாகமத்தில் வேறெங்கும் கிடையாது. பொருள் தெரியாமல் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் நம்முடைய பழைய தமிழும் 'அரம்' என்று வைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீன அகழ்வாய்வுகளில் அதே எழுத்துப் பொறித்த எடைக்கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏழரை கிராமுக்கு மேல், எட்டுக்குள். சேக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு. பிம் என்பது தீட்டுக்கூலி! நம் பக்கம் கொழு காய்ச்சி அடித்துக் கொடுக்கும் ஆசாரிக்கு அறுவடையில் களத்தில் தானியம் அளப்பது வழக்கம். விளைந்தால் கூலி கூடும், விளையாவிட்டால் குறையும். பெலிஸ்தர் கேட்டதோ மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஏழரை கிராமைத் தாண்டிய வெள்ளி. அடிமைத்தனம் என்றால் என்ன என்று அந்தக் கல் சொல்லிவிடுகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உபாகமம், உன் பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைத்திருக்காதே, உன் வீட்டில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எப்பா வைத்திருக்காதே என்கிறது. நீதிமொழிகளும் லேவியராகமமும் அதையே சொல்கின்றன. ஆமோஸ் கோபமாகவே பேசுகிறார். எப்பாவைச் சிறிதாக்கிச் சேக்கலைப் பெரிதாக்கி, எளியவனை ஒரு ஜோடிச் செருப்புக்கு வாங்கப் பார்க்கிறவர்கள் என்று வியாபாரிகளைச் சாடுகிறார். விற்கும்போது தானியம் குறைய எப்பா சிறிது. வெள்ளி அதிகம் வர எடைக்கல் பெரிது. இரண்டு பக்கமும் லாபம்.

இதை நம் மானாவாரிப் பூமிக்குப் புரிய வைக்க உரையாசிரியர் தேவையில்லை. இந்தப் பக்கத்து வயதானவர்கள் என்னிடம் சொன்னது இது. விதைக்குத் தானியம் கடன் கொடுத்தவர்களில் சிலர் வீட்டில் இரண்டு மரக்கால் இருந்தது. கொடுக்கிற மரக்கால் ஒன்று, வாங்குகிற மரக்கால் ஒன்று. மரக்கால் ஒன்றேயானாலும் கொடுக்கும்போது தலை தட்டி அளப்பார்கள், வாங்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பார்கள். ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். சொல் மங்கலமானதுதான், லாபம் யாருக்கு என்பதுதான் கேள்வி. வட்டியைப் பற்றி யாரும் வாதாடலாம். பாத்திரத்தைப் பற்றி வாதாட முடியாது, அது அவர் வீட்டுப் பாத்திரம்.

அதனால்தான் பழைய சமூகங்கள் அளவைத் தனி ஆள் வீட்டிலிருந்து எடுத்துக் கோயிலிலும் அரண்மனையிலும் வைத்தன. எபிரேய நூலில் 'பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல்' என்றும், அப்சலோமின் தலைமுடியை நிறுத்த இடத்தில் 'ராஜாவின் நிறை' என்றும் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தார்கள், நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தார்கள், அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம். இறைவன் பெயரையும் அரசன் பெயரையும் அளவுக்கு வைத்ததன் நோக்கம் ஒன்றே. இது உன்னுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல.

பிரான்சிலும் இதே கதைதான். 1789இல் ஊர் ஊராக எழுதி அனுப்பிய குறைகளில், நிலப்பிரபுவின் புவாசோ ஊருக்கொன்றாக இருப்பதும் வரவரப் பெரிதாவதும் திரும்பத் திரும்ப வருகிறது. அரசன் ஒருவன், சட்டம் ஒன்று என்பதுபோல எடையும் அளவும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மீட்டரை விஞ்ஞானத்தின் வெற்றியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தெலாம்பரும் மெஷேனும் 1792இல் கிளம்பி டன்கெர்க்கிலிருந்து பார்சிலோனா வரை பூமியை அளந்த கதை மனப்பாடம். அந்த அளவுக்குப் பின்னால் ஒரு குடியானவனின் மனு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. எந்த மனிதனின் கையும் வேண்டாம், எந்தப் பிரபுவின் பாத்திரமும் வேண்டாம், பூமியிலிருந்தே எடுப்போம் என்பதுதான் அதன் அர்த்தம். 1795 ஏப்ரல் 7 சட்டம் மீட்டர், லிட்டர், கிராம், ஆர் என்று பெயர் வைத்தது. இந்தியாவில் 1956இல் எடையளவுச் சட்டம், 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ. முத்திரை குத்தாத படி செல்லாது என்றானது. நம் மாநிலத்தில் இந்த வேலையைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. தராசில் தட்டு வைத்து ஏமாற்றுகிறவன் இன்றும் உண்டு. ஆனால் அவன் திருடன் என்று சொல்ல நமக்கு ஒரு கல் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் வந்த 'ஆர்' தான் நம் பட்டாவில் 'ஏர்ஸ்' என்று நிற்கிறது. 100 சதுர மீட்டர், இரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. உழுகிற ஏருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வேதாகமத்து ஏருக்குச் சம்பந்தம் உண்டு. ஏசாயா புத்தகத்தில், வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்து, மற்றவர்களுக்கு இடமில்லாமல் வளைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு சாபம் வருகிறது. பத்து ஏர் நிலத்துத் திராட்சைத் தோட்டம் ஒரே ஒரு பாத் ரசம் தரும். ஒரு ஓமேர் விதை ஒரு எப்பா விளையும். ஏர் என்பது ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழுகிற பரப்பு. பிரெஞ்சிலும் 'ழூர்னால்' என்று நாளின் பெயரில் ஒரு பழைய நில அளவு இருந்தது. ஓமேர் பத்து எப்பா என்று தெரிந்தால், விதைத்ததில் பத்தில் ஒன்றுதான் திரும்பும் என்று புரியும். தமிழில் கலம் விதைத்து மரக்கால் எடுப்பது என்று போட்டிருக்கிறார்கள். நமக்குக் கலத்துக்கு 12 மரக்கால், ஆகவே சாபம் தமிழில் இன்னும் கொஞ்சம் கடுமை!

குண்டாற்றில் தண்ணீர் வராத வருஷங்களில், கண்மாய் வறண்டு, கம்பும் குதிரைவாலியும் கதிர் பிடிக்காமல் காய்ந்து, விதைத்த விதையே திரும்பாமல் போனதைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர். அது இவர்கள் செய்த பாவத்துக்கு வந்ததல்ல. ஏசாயாவும் அந்தச் சாபத்தை ஏழைக் குடியானவன் மேல் வைக்கவில்லை, நிலத்தை வளைத்தவன் மேல்தான் வைத்தார். மானாவாரியில் ஒரு வருஷம் பொய்த்தால் வளைத்தவனுக்கு லாபம் குறையும், கடன் வாங்கி விதைத்தவனுக்கு நிலமே போகும். அப்போது அவன் போய் நிற்கிற வாசலில் எந்த மரக்கால் வெளியே வருகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த வருஷம் இருந்தது.

இப்போது வரும் புதிய மொழிபெயர்ப்புகளில் லிட்டரும் கிலோவும் போடுகிறார்கள். எவ்வளவு என்று உடனே தெரிகிறது, நல்லதுதான். ஆனால் 'லிட்டரைச் சிறிதாக்குகிறவர்களே' என்று ஆமோஸ் திட்டினால் நம் பிள்ளைகளுக்குப் புரியாது, லிட்டரைச் சிறிதாக்க யாராலும் முடியாதே. மரக்காலைச் சிறிதாக்கலாம். ஆகவே எண்ணுக்குப் புதியதைப் பாருங்கள், வழக்குக்குப் பழையதைப் பாருங்கள். வீட்டுப் பரணில் பித்தளைக் கட்டுப் போட்ட பழைய மரக்கால் கிடந்தால், கடைக்குப் போடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு மரக்காலையும் அளந்து பாருங்கள்.